ஞமலிக்குத் தடுப்பூசி

“சங்கத்தின் அறிவிப்புப் பலகையைத் தம் சொந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தி, இல்லாத கால்நடை நோய் ஒன்றின் பெயரை அதில் எழுதி, வதந்தி பரப்பி, உறுப்பினர்களிடையே பீதியை உண்டாக்கிய தற்காலிக ஊழியர் திருமதி ஆ. விஜயராணி (வயது 42), இக்குறிப்பாணை கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.”

இதில் வயது சரி. மற்றவற்றைப் பற்றிப் பேசலாம்.

‘தற்காலிக’ என்பது ஒன்பது வருடங்களாகத் தொடர்கிறது. வதந்தி பரப்புகிறவருக்கு அடிப்படைத் தகுதி வாய். விஜயராணி வேலை நேரத்தில் பேசும் வாக்கியங்கள் மூன்று: “ஃபேட்டு நாலு புள்ளி ஒண்ணு”, “தூக்க நல்லா கழுவிக் கொண்டாங்க”, “அடுத்து”. கோபம் வந்தால் மூன்றாவதை இரண்டு முறை சொல்வார்.

ஏம்பலத்திலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகும் வழியில் இருக்கிற ஊர் அது. பெயர் வேண்டாம், பாலை விற்றுப் பிழைக்கிற ஊருக்கு ஏற்கெனவே ஒருமுறை பெயர் கெட்டாயிற்று. ஒரு பக்கம் நெல்லும் கரும்பும், மறுபக்கம் மனை போட்டு நட்ட மஞ்சள் கற்கள். வீடு இன்னும் வராததால் அந்தக் கற்களுக்கு நடுவில் மாடுகள் மேய்கின்றன. அந்த மாடுகளின் பால் காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும். ஊரில் எல்லோருக்கும் அது ‘சொசைட்டி’. ஒவ்வொரு தூக்கிலிருந்தும் ஒரு கரண்டிப் பாலை எடுத்து மிஷினில் வைத்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்வது விஜயராணியின் வேலை. தமிழை வளர்த்தது சங்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பால் சங்கமாகவும் இருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

கவிதைக்கும் விஜயராணிக்கும் தொடர்பு ஏற்பட்டது எவர்சில்வர் தட்டுப்பாட்டால். கொம்யூன் பஞ்சாயத்து நடத்திய மகளிர் தினக் கோலப் போட்டியில் அவருக்கு மூன்றாம் பரிசு. பரிசு எவர்சில்வர் தூக்கு என்று அறிவித்திருந்தார்கள். மேடைக்கு வந்த பிரமுகர்களின் மனைவிமார்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்ததில் தூக்கு தீர்ந்துபோனது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இருநூறு தூக்கு பார்க்கிற பெண்மணிக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை.

அட்டையில் ‘பழந்தமிழ்ப் பாடல்கள்’ என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘மூலம் மட்டும்’ என்று இருந்தது. கணவர் ஆண்டனி அதை வாங்கிப் பார்த்தார்.

“மூலமா? இன்னா, வைத்தியப் புக்கா?”

“பாட்டுப் புக்குங்க.”

“பாட்டுக்கு எப்புடிடி மூலம் வரும்?”

உரை கிடையாது, பாட்டு மட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் குறை இல்லாமலிருந்தால் இந்தக் கதையே இல்லை. விஜயராணி பாகூரில் பிளஸ் டூ வரை படித்தவர். தமிழில் நாற்பத்தேழு மார்க். பள்ளிப் பாடத்தில் ஒவ்வொரு செய்யுளுக்கும் கீழே சொற்பொருள் அச்சாகியிருக்கும். சொல் புரியவில்லையே என்று யோசிப்பதற்குள் பொருள் வந்து நின்றுவிடும். ஆகவே பன்னிரண்டு வருடம் தமிழ் படித்தும் தெரியாத சொல் ஒன்றைக்கூட அவர் சந்திக்கவில்லை என்றே சொல்லலாம். மனப்பாடம் செய்தார், எழுதினார், மறந்தார். இப்போதுதான் முதல்முறையாக, எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்து சொல் தெரியாமல், தன் தாய்மொழிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

இப்படி உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், சிலர் வெட்கப்படுகிறார்கள். விஜயராணிக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றியது. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் தெருவுக்குள் வந்தால் எந்த வீட்டில் போய் நிற்கிறார் என்று ஊர் பார்ப்பதில்லையா, அப்படி. அந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது, முன்னால் யார், பின்னால் யார் என்று பார்ப்பார். யானைக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு யூகம், மழைக்குப் பக்கத்தில் நின்றால் வேறொன்று. நடுநடுவே ‘கழனி’, ‘கொல்லை’ என்று தெரிந்த முகங்கள் வரும். சென்னையில் இருக்கிற நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கேலி செய்த பட்டிக்காட்டுச் சொற்கள் அவை. பாட்டுக்குள் சட்டமாக உட்கார்ந்திருந்தன.

போனில் தட்டினால் அகராதி பொருள் சொல்லிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே தட்டமாட்டார். “ஒடனே சொல்லிட்டா அப்புறம் இன்னா இருக்குது அதுல” என்பது அவர் கட்சி. காலையில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க மனத்தில் வைத்துக்கொண்டிருந்து, மாலைப் பால் முடிந்த பிறகுதான் அகராதியைத் திறப்பார். வேலைக்கு நடுவில் சொல் நழுவிவிடுகிறது என்பதற்காக, கையில் இருந்த சாக்கட்டியால் ரேட்டுப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தார். முதல் சொல் ‘அளறு’.

ஐந்து மாடு வைத்திருக்கும் ராமு அதைப் பார்த்தார். மாட்டைவிடக் கிணற்றை நம்பிப் பால் ஊற்றுகிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர். மிஷின் ஒரு தூக்கைச் சோதிக்க ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடம் ராமுவுக்குப் பதற்றமான நேரம். ஏதாவது பேசியாக வேண்டும்.

“இன்னாம்மா, அலறுன்றதத் தப்பா எழுதி வெச்சிருக்க?”

“தப்பில்லண்ணா. இது வேற.”

“வேறன்னா இன்னா?”

“தெரியாது.”

“தெரியாததையா எழுதி வெச்சிருக்க?”

“தெரிஞ்சத எதுக்குண்ணா எழுதணும்? ஃபேட்டு மூணு புள்ளி ரெண்டு. அடுத்து.”

அன்று மாலை அளறு என்றால் சேறு என்று தெரிந்தது. “முப்பது வருசமா அதுலதான் நிக்கிறேன். அதுக்கு இப்புடி ஒரு பேரு இருக்குதுன்னு ஒருத்தனும் சொல்லலியே” என்றார் ராமு. ஏதோ நிலத்தில் தன் பங்கை மறைத்துவிட்டார்கள் என்பது போல இருந்தது அவர் குரல்.

அதிலிருந்து வரிசையில் நிற்பவர்கள் யூகம் சொல்லத் தொடங்கினார்கள். விஜயராணி அதை ஒரு நோட்டின் பின்பக்கத்தில் பெயரோடு குறித்துக்கொள்வார். அவருடைய மூன்று வாக்கியங்களோடு “நீங்க இன்னா நெனைக்கிறீங்க?” என்று நாலாவது சேர்ந்தது. ஒருநாள் ‘ஞெகிழி’ என்று எழுதியிருந்தார். கலியம்மாள் அதைப் படித்ததும் கையிலிருந்த பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பிளாஸ்டிக்கைத் தமிழில் நெகிழி என்று எழுதுகிறார்கள் அல்லவா, கவர் கொண்டுவரக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை என்று மாலையில் தெரிந்தபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

“என் மாமியா என்ன அப்புடித்தான் கூப்புடும். இனிமே நானும் வாங்க ஞெகிழின்னு கூப்புடறேன். மரியாதயாத்தான் இருக்கும், அதுக்கும் புரியாது.”

படித்தவர்கள் எப்போதும் சரியாகச் சொன்னார்கள் என்றோ, படிக்காதவர்கள் எப்போதும் சரியாகச் சொன்னார்கள் என்றோ இந்த நோட்டிலிருந்து நிரூபிக்க முடியாது. பெரும்பாலும் எல்லோரும் தவறாகவே சொன்னார்கள். அதுதான் அதன் அழகு. சரியாகச் சொன்னது அனேகமாக ஒருமுறைதான். நல்லவாட்டிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் செங்கமலம், சொசைட்டி வாசலில் வண்டியை நிறுத்தி மத்தியை எடை போட்டுக்கொண்டே பலகையைப் பார்த்தார். ‘கொண்டல்’ என்று எழுதியிருந்தது. வரிசையில் ஒருவர் கொண்டை என்றார், ஒருவர் கடலை என்றார், சங்கத்தின் செயலாளர் புகழ்வேந்தன் வெளியே எட்டிப்பார்த்து “மேகம்” என்றார். அவர் எம்.ஏ.

“மேகமும் இல்ல ஒண்ணும் இல்ல. காத்து” என்றார் செங்கமலம். “கெழக்க இருந்து அடிக்குமே, அது கொண்டக் காத்து. எங்க வூட்டு ஆளு கட்டுமரத்துல போறப்பருந்து சொல்றதுதான். எத்தினி கிலோ போடட்டும்?”

அகராதி மேகம் என்றது. அடுத்த வரியில் கீழ்காற்று என்றது. புகழ்வேந்தன் தன்னுடையது முதல் பொருள் என்பதைச் சுட்டிக்காட்டினார். செங்கமலம் அகராதி சொன்னதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. விஜயராணிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அவர் தெரியாத சொல் என்று எடுத்தது, எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே தினசரி வாயில் புழங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் யாருக்குத் தெரியாத சொல் அது? நோட்டில் இந்தக் கேள்வியையும் எழுதி வைத்தார். பதில் எழுதவில்லை.

இனி ஞமலி.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, காலைப் பாலை முடித்து, மாலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வில்லியனூரில் ஓர் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனார் விஜயராணி. மத்தியானம் கால்நடை மருந்தகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். மறுநாள் மாடுகளுக்குக் கோமாரி நோய்க்கான தடுப்பூசி முகாம். பலகையில் இடம் இருந்தது அந்தச் சொல்லுக்குக் கீழேதான். அங்கே அழகான எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். மாலையில் பால் கொண்டுவந்தவர்கள் படித்தது இது:

ஞமலி
நாளை காலை தடுப்பூசி முகாம்
அனைத்து மாடுகளையும் ஓட்டி வரவும்

கோமாரி என்ற பெயரை அவர் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்ததுதானே என்று விட்டிருக்கலாம். மிஷின் முன்னால் விஜயராணிக்குப் பதிலாகப் புகழ்வேந்தன் உட்கார்ந்திருந்தார். ஞமலி என்றால் என்னவென்று கேட்டவர்களிடம், எம்.ஏ. படித்தவர் தெரியாது என்று எப்படிச் சொல்வது? “அதான் எழுதியிருக்குல்ல, ஊசி போட்டுக்குங்க” என்றார்.

ஆறு மணிக்குள் கலியம்மாளின் குரல் வாட்சப்பில் ஊரைச் சுற்றியது. “எல்லாருக்கும் சொல்றேன் கேட்டுக்குங்க. ஞமலின்னு ஒரு புது நோவு வந்துருக்குதாம். நாக்கு கறுத்துப் போவுமாம், பாலு தண்ணியாப் பூடுமாம். சொசைட்டிலயே எழுதிப் போட்டுட்டாங்க.” நாக்கு கறுத்துப்போகும் என்பது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே இன்றுவரை தெரியவில்லை. பால் தண்ணீராகும் என்பது எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு தெரியும். அன்று மாலை ராமுவின் பாலில் தண்ணீர் அளவுக்கு மேல் காட்டியபோது, அவர் பலகையைச் சுட்டிக்காட்டி, “எம் மாட்டுக்கு ஞமலி சார், நான் இன்னா பண்ணுவன்” என்றிருக்கிறார். உலகத்தில் அந்த நோய் முதலில் கண்டது அந்த மாட்டுக்குத்தான்.

வில்லியனூர் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த விஜயராணிக்குப் பதினோரு அழைப்புகள் வந்தன. அவர் இன்னும் அகராதியைத் திறக்கவில்லை. ஆகவே ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது: அது நோயாகவே இருக்குமோ? பாட்டில் அந்தச் சொல் ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்தது. நோய் வாசலில் படுக்குமா? சாப்பாட்டை விட்டு எழுந்து, கையைக் கழுவி, போனில் பார்த்தார். ஞமலி: நாய்.

அவர் உடனே கலியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார். கலியம்மாள் அதையும் உடனே ஊருக்குச் சொன்னார்: “நாய்கிட்டருந்து வருதாம்.”

மறுநாள் முகாமில் நடந்தது வரலாறு. வழக்கமாக நாற்பது மாடு வந்தால் பெரிது. அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு. கறக்காத மாடு, கிழமாடு, கன்று, எல்லாம் வந்தன. ஒருவர் நாயையும் பிடித்து வந்திருந்தார். மருந்து போதாமல் இன்னொரு பெட்டி வரவழைத்தார்கள். டாக்டர் மணிபாரதி புதிதாக வந்தவர். “எதுக்கும்மா ஊசி?” என்று கேட்க, அத்தனை பேரும் “ஞமலிக்கு டாக்டர்” என்றார்கள். அப்படி ஒரு நோய் இல்லை என்று அவர் சொன்னார், ஆனால் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டு முடித்த பிறகுதான் சொன்னார். நல்ல டாக்டர்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கலியம்மாளின் குரல் டவுன் வரைக்கும் போயிருந்தது. இந்த ஊர்ப் பாலை வாங்கும் டீக்கடைகள் இரண்டு நாள் கேனைத் திருப்பி அனுப்பின. திரும்பி வந்த பாலை என்ன செய்வது? தெருவுக்குத் தெரு தயிராகத் தோய்த்தார்கள். முகாம் வெற்றிக்காகச் சங்கத் தலைவருக்கு டாக்டரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது: ‘தங்கள் பலகையின் மூலம் விழிப்புணர்வு ஏற்படுத்தியமைக்கு’. அதே பலகைக்காக விஜயராணிக்கு மேலே சொன்ன குறிப்பாணை வந்தது. இரண்டும் ஒரே நாள் தேதி. ஒரே சொல்லுக்குத் தலைவருக்கு நன்றியும் ஊழியருக்கு விளக்கக் கேள்வியும் கிடைத்ததில் யாருக்கும் முரண் தெரியவில்லை.

இதில் உண்மையான சிக்கல் வேறு. ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, விஜயராணியை நிரந்தரமாக்கும் தீர்மானம் அந்த மாதக் கமிட்டியில் எடுத்துக்கொள்ளப்பட இருந்தது. நிரந்தரமானால் மாதச் சம்பளம், பி.எஃப்., ஒருவரின் மனநிலைக்கு ஏற்ப நாளைக்கு வராதே என்று சொல்ல முடியாத ஒரு வேலை. ஆகவே புகழ்வேந்தன் அவரைக் கூப்பிட்டு, தானே தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். கெட்ட மனிதர் அல்ல. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் அவர் காட்டிய அக்கறைதான் சிக்கலை உண்டாக்கியது.

“ரெண்டு வரிதான். கோமாரி என்று எழுத வேண்டியதைக் கைப்பிழையாக ஞமலி என்று எழுதிவிட்டேன், வருந்துகிறேன். கையெழுத்துப் போடு. முடிஞ்சுது.”

“சார், கோமாரிக்கும் ஞமலிக்கும் இன்னா சார் சம்பந்தம்?”

“சம்பந்தம் இருந்தா அது ஏன் பிழை? சம்பந்தம் இல்லாததாலதான பிழை.”

“நான் பிழையா எழுதலியே சார். ஞ, ம, லி. சரியாத்தான் எழுதினேன்.”

“சரிதாம்மா. யாருக்கு அது தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே சார்.”

“அன்னிக்கு சாயங்காலம் வரிக்கும் உனக்கே தெரியாது.”

அது உண்மைதானே. விஜயராணி தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆண்டனி அதைப் படித்துவிட்டு, “போட்டுக் குடுத்துடுடி. ஒரு வார்த்தைக்கு ஒம்போது வருசமா?” என்றார். அதுவும் நியாயம்தான். ஆறு நாள் அந்தத் தாள் அலமாரியில் மாதாகோயில் காலண்டருக்கு அடியில் இருந்தது. அந்த ஆறு நாளும் பலகையில் ரேட்டு மட்டும் இருந்தது. வரிசையில் யூகம் சொல்ல ஒன்றுமில்லை. மிஷின் ஓடுகிற ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ராமு மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வேற ஒண்ணும் எழுதலியாம்மா?” என்று கேட்டுப்பார்த்தார். “மூணு புள்ளி ஒண்ணு. அடுத்து. அடுத்து.”

செங்கமலம்தான் கேட்க வேண்டிய விதமாகக் கேட்டார். வாசலில் மீனை ஆய்ந்துகொண்டே, “ஏங்க்கா, இந்த ராமு ஒம்போது வருசமா ஒரு புள்ளி கூடப் போட்டுக் குடும்மான்னு கெஞ்சுறாரே, ஒருநாளாவது போட்டுருக்கியா?”

“மிஷின்ல இல்லாதத எப்புடிப் போடறது?”

“அப்ப அந்தத் தாள்ல கையெழுத்து எப்புடிப் போடுவ?”

செங்கமலம் பெரிய தத்துவம் ஒன்றும் பேசிவிடவில்லை. மீனின் செதிலைத் தட்டிக்கொண்டே கேட்டது அது, பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

ஏழாம் நாள் விஜயராணி கொடுத்த விளக்கம் கமிட்டியில் வாய்விட்டு வாசிக்கப்பட்டது. நாய் என்ற இடம் வந்ததும் இரண்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. புகழ்வேந்தன், தான் தட்டச்சு செய்த தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். நிரந்தரத் தீர்மானம் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ‘இனி பலகையில் சொல் எதுவும் எழுதப்படின் அதன் பொருளும் உடன் எழுதப்பட வேண்டும்’ என்று இன்னொரு தீர்மானம் போட்டார்கள். தடை செய்வதாக நினைத்துக்கொண்டு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அனுமதி கொடுத்த அதே வரியில் அதிலிருந்த சுவையைப் பிடுங்கிவிட்டார்கள். பொருள் தெரிந்த சொல்லை வைத்துக்கொண்டு விஜயராணி என்ன செய்வார் என்பது கமிட்டியின் கவலை அல்ல.

அவர் கொடுத்த விளக்கம் சங்கத்தின் கோப்பில் இருக்கிறது. கோடு போட்ட தாளில் நீல மையில் நான்கு வரி. பலகையில் எழுதியது சரியான சொல் என்றும், அதற்கு நாய் என்று பொருள் என்றும், அதில் எழுத்துப்பிழை இல்லை என்றும், முகாம் அறிவிப்பு வரும் இடத்தில் அதை விட்டுவிட்டுப் போனது தன் தவறு என்றும் எழுதி, விஜயராணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.